அப்பா கேட்ட தண்ணீர்

1

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நிரப்பாத படிவம் இல்லை. பிறந்த இடம் என்ற கட்டத்துக்குள் திருகோணமலை அடங்காது. கடைசி எழுத்துகள் எப்போதும் கோட்டுக்கு வெளியே போய் நிற்கும். சமயம் என்ற கட்டத்தில் மட்டும் எனக்குச் சிரமமில்லை. ஆர்.சி. என்று இரண்டு எழுத்துப் போட்டால் போதும். அதைப் பார்த்துவிட்டு எந்த அலுவலரும் என்னிடம் மேலும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் இருப்பது போர்ட்ஸ்மத்தில். என் கணவர் அல்பிறட் திருகோணமலை டொக்யாட்டில், கடற்படையின் கப்பல்துறையில், எழுத்து வேலை பார்க்கும் கிளாக்காக இருந்தார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது, ஒரு துரை எழுதிக் கொடுத்த கடிதத்தை நம்பி நாங்களும் புறப்பட்டோம். ஒரு துறைமுகத்தை விட்டு இன்னொரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததுதான் மிச்சம். அல்பிறட் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் ஷீலா லண்டனில் இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரயிலேறி வந்து, என் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, ஏசிவிட்டுப் போவாள்.

ஊரில் எனக்கு மிச்சம் இருப்பவள் தங்கை பிலோமினா. அப்பா இறந்த நாள் ஓகஸ்டில் வரும். அன்றைக்கு எங்கள் கோயிலில் அவருக்காகப் பூசை வைக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் ஜூலையில் அவளுக்கு எழுதுவேன். பூசை நடந்தது, இன்னார் இன்னார் வந்தவை என்று அவள் பதில் போடுவாள். இருபது வருடத்துக்கு மேலாக இதே கடிதம், இதே பதில்.

இந்த வருடம் பதில் வேறு மாதிரி வந்தது. நீல நிற வான்கடிதத்தில் அவளுடைய குண்டுக் கையெழுத்து. "அக்கா, அப்பான்ரை பூசைக்கு இந்த முறை என்னை அலுவல் பாக்கச் சொல்லாதை. எனக்கு வயித்துக்குள்ளை ஒரு கட்டி. ஆசுப்பத்திரியிலை வெட்டி எடுக்க நாள் குறிச்சாச்சு. அதுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் கேக்க வாறன் எண்டு சுவாமி சொல்லியிருக்கிறார். சுவாமியிட்டைச் சொல்ல முதல் உன்னட்டைச் சொல்லோணும். அப்பாவைக் கெடுத்தது நான்தான்."

சுவாமி என்று நாங்கள் சொல்வது கோயிற் குருவானவரை; பாவசங்கீர்த்தனம் என்பது அவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. கடிதம் அதற்குக் கீழும் நீண்டிருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அப்பா இறந்த நாளைச் சொல்ல வேண்டும். அந்த நாளைப் பற்றி ஊரில் பலருக்கு ஒரு கதை தெரியும். அந்தக் கதையைப் பரப்பியவள் நான். அது உண்மையல்ல.

2

எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. டொக்யாட்டில் சங்கு ஊதினால் எங்கள் குசினியில் பாத்திரங்கள் அதிரும். அப்பாவின் பெயர் ஞானப்பிரகாசம். இழுவைப் படகொன்றில் தண்டேலாக இருந்தார். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு உள்ளே இழுத்து வருகிற படகு அது. அதில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அம்மா முந்தியே போய்விட்டா. வீட்டில் அப்பாவும் நானும் பிலோவும்தான்.

எங்கள் வீட்டுப் பக்தி மணிக்கூட்டுப் பக்தி. விடியப் பூசை, மத்தியானச் சங்குக்குத் திரிகாலச் செபம், பொழுதுபட்டால் செபமாலை. செபமாலைக்குத் தலைமை நான். நடுவில் தூங்கி விழுகிற பிலோவின் கன்னத்தில் ஒன்று வைக்கவும் தெரியும், வைத்தபடியே அடுத்த மந்திரத்தைப் பிழையில்லாமல் தொடரவும் தெரியும். ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தேன். கேள்வியும் பதிலுமான அந்தப் புத்தகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சுவாமி கேள்வியைத் தொடங்க முன்னமே நான் பதிலை முடித்துவிடுவேன். இருபத்து நாலு வயதில் எனக்கு அப்படி ஒரு கெருவம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றை விளக்க வேண்டும். நன்மை வாங்குவது, அதாவது நற்கருணை உட்கொள்வது, இப்போது லேசான காரியம். அந்த நாளில் அப்படியில்லை. நன்மை வாங்குகிறவர் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் தொண்டைக்குள் விடக்கூடாது. முதல் நன்மைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது ஒரு துளி உள்ளே போய்விட்டதோ என்று பயந்து அழுவார்கள். ஒருமுறை மழையில் நனைந்து வந்த ஒரு சின்னப் பெண் உதட்டை நக்கினாள் என்று, வெள்ளை உடுப்பும் பூமுடியுமாக நின்றவளை வரிசையிலிருந்து விலக்கி வாங்குப் பலகையில் இருத்தினேன். அவள் பூசை முடியும்வரை அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

3

சுதந்திரம் கிடைத்துச் சில வருடம்தான். ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று. திருகோணமலையில் இருந்தவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்லத் தேவையில்லை. உதடு வெடிக்கும், கிணறு அடியைக் காட்டும், வாசலில் தெளித்த தண்ணீர் கையை உதறுவதற்குள் காய்ந்துவிடும். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுப்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அனுப்பினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று விடியக் கண் திறந்ததும், சுவாமியைக் கூப்பிடு, நன்மை வாங்க வேணும் என்று அப்பாவே கேட்டார். கோயிலுக்கு ஓடினேன். பங்குச் சுவாமி வளைகுடாவுக்கு அப்பால் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு சின்னக் கோயிலுக்குப் போயிருந்தார். மற்றச் சுவாமி கொழும்பில். மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றி வருகிற காலைப் படகில், லோஞ்சில், சுவாமி எட்டு மணிக்கு வந்துவிடுவார் என்றார்கள்.

நான் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா கேட்டார். "எமிலி, கொஞ்சம் தண்ணி தா பிள்ளை."

சுவாமி வந்துகொண்டிருக்கிறார், நன்மை வாங்கினாப் பிறகு குடிக்கலாம், கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். கீழ்ப்படிந்த தலையாட்டல் அது. கப்பற்காரர்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர், தன் மகளுக்குக் கீழ்ப்படிந்தார்.

எட்டு மணியானது. லோஞ்சு வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். பிறகும் கேட்டார். தண்ணீர்க் குடம் அவருடைய கண்ணில் படுகிறது என்று அதைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். அவருடைய கண் என் பின்னாலேயே வந்தது. செபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். கடைசி நேரத்தில் பசாசு வந்து சோதிக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. அப்பாவின் தாகமும் அந்தச் சோதனைதான் என்று நினைத்தேன். அவர் கேட்பது என் காதில் விழாத அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பூரணம் மாமி வந்து கட்டிலருகே நின்றா. அவர்கள் சைவக்காரர், உயிர் போகும் நேரத்தில் பால் பருக்குவது அவர்கள் வழக்கம். மாமி சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னா. "பிள்ளை, அந்த மனுசன் தண்ணிக்கு அந்தரப்படுது. ஒரு கரண்டி குடுத்தா உங்கடை சாமி கோவிப்பாரே?"

"எங்கடை வேதத்திலை அப்பிடி ஏலாது மாமி."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனா.

பத்து மணிபோல் நான் லோஞ்சைப் பார்க்க இறங்குதுறைக்கு ஓடினேன். பிலோவுக்கு அப்போது இருபது வயது. போக முன் அவளுக்கு விரலை நீட்டிச் சொன்னேன், அப்பா என்ன கேட்டாலும் குடுக்காதை என்று. துறையில் நின்று கண் கூசப் பார்த்தேன். கச்சான் கடலைக் கிளப்பி வெள்ளையாக்கியிருந்தது. லோஞ்சின் எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டது என்று மீன்காரர் கதைத்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன்.

திரும்பி வந்தபோது அப்பா அமைதியாகக் கிடந்தார். முகத்தில் அந்தரம் இல்லை. அதற்குப் பிறகு தண்ணீர் கேட்கவே இல்லை. பிலோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் செபமாலை வென்றுவிட்டது என்று நினைத்தேன். மத்தியானச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன், அவருடைய காதில் சேசு மரி சூசை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

சுவாமி ஒரு மணிக்குப் பிறகு வந்தார். அங்கி இடுப்புவரை நனைந்திருந்தது. உயிர் போன உடம்புக்கே நெற்றியில் எண்ணெய் பூசினார். மிகவும் கஷ்டப்பட்டாரா என்று கேட்டார். இல்லைச் சுவாமி, நன்மை வாங்கவேணும் எண்டு தண்ணியும் குடியாமல் காத்துக்கொண்டிருந்தவர் என்றேன்.

சுவாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். என் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

4

அதுதான் நான் பரப்பிய கதை. தாகத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து, செபமாலையால் தேற்றப்பட்டு, அமைதியாகப் போன தண்டேல். மாதா சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பெண்கள் அழுதார்கள். செத்த வீடுகளில் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். ஞானோபதேச வகுப்பில், ஒருசந்தி, அதாவது நன்மைக்கு முன்னான அந்த உபவாசம், காப்பது எப்படி என்பதற்கு என் அப்பாவையே உதாரணம் காட்டினேன். பிலோ இருக்கும் இடத்தில் நான் அந்தக் கதையைத் தொடங்கினால் அவள் எழுந்து போய்விடுவாள். அப்பாவை நினைத்துத் தாங்க முடியாமல் போகிறாள் என்று அதையும் கதையோடு சேர்த்துக்கொண்டேன்.

இங்கே வந்த பிறகும் விடவில்லை. முதல் குளிர்காலம், யாரையும் தெரியாது. கோயிலில் தேநீர் ஊற்றித் தந்த ஐரிஷ் பெண்களுக்கு, என் உடைந்த ஆங்கிலத்தில், நான் சொன்ன முதல் நீண்ட கதை அதுதான். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாமவள் மட்டும் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். என் ஆங்கிலம் அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

5

ஷீலா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நான் ஓர் ஆசுப்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். தாதி அல்ல; தாதிகளுக்கு உதவியாள். படுக்கை விரிப்பது, துடைப்பது, ஊட்டுவது. அங்கேதான் பதினாறு வருடத்துக்கு முன் அது நடந்தது.

ஒரு கிழவர். கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர். சாகும் தறுவாயில் இருந்தார். கத்தோலிக்கக் குருவானவரைக் கூப்பிட்டார்கள். குண்டான, வேகமாக நடக்கிற மனிதர். நான் திரையை இழுத்துவிட்டு, மெழுகுதிரியைக் கொளுத்தி, முழந்தாளிட்டேன். குருவானவர் நன்மை வைத்திருந்த சின்னப் பாத்திரத்தைத் திறந்தார். கிழவரின் வாயைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, ஒரு கோப்பை தண்ணீரும் கரண்டியும் கொண்டு வா, தொண்டை காய்ந்து கிடக்கிறது, முதலில் நன்றாக நனைத்தால்தான் விழுங்குவார் என்றார்.

நான் எழும்பவில்லை. அவர் மறுபடி சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். அவரே தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். கிழவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சப்பிக் குடித்தார். பிறகு நன்மை வாங்கினார்.

திரைக்கு வெளியே வந்ததும் நான் குருவானவரை மறித்தேன். இந்தத் தண்ணீர்ச் சட்டம் எப்போது மாறியது என்று கேட்டேன். சுகமாக இருப்பவர்களுக்குச் சில காலத்துக்கு முன் மாற்றினார்கள், சாகிறவர்களுக்கு அந்தச் சட்டம் என்றைக்குமே இருந்ததில்லை என்றார். எங்கள் நாட்டிலுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அம்மா, எந்த நாட்டிலும் என்றார்.

மறுநாள், ஊரிலிருந்து கொண்டுவந்த ஞானோபதேசப் புத்தகத்தை அலுமாரியின் அடியிலிருந்து எடுத்தேன். இருந்தது. நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பக்கத்துக்கு அடுத்த பக்கம், மரண அவஸ்தையில் இருப்போரைப் பற்றிய பகுதியில் ஒரு வரி. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நான் ஒருநாளும் திறக்காத பக்கம்.

6

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, என் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அறியாமல் செய்தது பாவமாகாது என்றார் குருவானவர். ஆறுதலுக்காக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் வேகமாகச் சொல்லக்கூடியவள்.

அன்றிலிருந்து என்னால் நன்மை வாங்க எழும்ப முடியவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் அப்பாவின் வாய் வந்து நிற்கும். மேல் உதட்டில் தோல் உரிந்து வெள்ளையாக. வீட்டில் குழாயைத் திறந்தால், தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அடியில், எமிலி, கொஞ்சம் தண்ணி தா பிள்ளை என்று கேட்கும். இதை அல்பிறட்டுக்கும் சொன்னதில்லை. நான் குழாயை எப்போதும் நூலாகத் திறப்பேன். சிக்கனம் என்று அவர் மெச்சினார்.

செபமாலை சொல்ல உட்கார்ந்தால் இரண்டாவது மணியில் நின்றுவிடும். முப்பது வருடத்துக்கு மேல் பிழையில்லாமல் ஓடிய வாய் நின்றுபோனது. ஒரு வார நாளில் வேலை முடிந்து வரும் வழியில் கோயிலுக்குள் போய் இருந்தேன். யாருமில்லை. சொல்ல ஒரு மந்திரமும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அதுவரை நான் கடவுளோடு கதைத்ததே இல்லை. கடவுளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்று கதைத்தேன். தமிழில், ஊர்ச் சண்டைக்காரி மாதிரி. நீரும் சிலுவையில் தொங்கியபோது தாகமாயிருக்கிறது என்றீர். உமக்கு எதிரிகள் காடியாவது தோய்த்துக் கொடுத்தார்கள். என் அப்பாவுக்கு நான் அதுவும் கொடுக்கவில்லை. உம்மை வாங்குவதற்காகத்தான் கொடுக்கவில்லை. லோஞ்சை நடுக்கடலில் நிறுத்திப்போட்டு நீர் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரமும் போனேன். அதற்கு அடுத்த வாரமும். கேட்கிற ஒருவர் அங்கே இருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு வந்தது அந்தச் சண்டையில்தான். அதற்குமுன் ஆயிரம் பூசைகளில் வராதது.

பதினாறு வருடமாக அப்படித்தான். பூசைக்குப் போவேன், எல்லோரும் வரிசையில் போகும்போது வாங்கில் இருப்பேன். ஷீலா பதினெட்டு வயதில் கோயிலை விட்டாள். சின்ன வயதில் என் தலைமையில் செபமாலை சொன்ன பிள்ளை, விட்டதில் அதிசயமில்லை. ஒருநாள் அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: நான் போவதே இல்லை, நீங்கள் போயும் எழும்புவதில்லை, நம் இருவருக்கும் என்ன வித்தியாசம்? கோபம் வந்தது. அடுத்த ஞாயிறும் போய் வாங்கிலேயே இருந்தேன்.

இத்தனைக்குள்ளும் ஒன்றைச் செய்யாமல் விட்டேன். பிலோவுக்கு இதை எழுதவில்லை. சட்டங்கள் மாறுகிற காலம் அது. ரோமாபுரியில் புனிதர்களின் பட்டியலைத் திருத்தியபோது அர்ச்சிஷ்ட பிலோமினம்மாளையே எடுத்துவிட்டார்கள். இனி என்ரை பேரை என்ன செய்யிறது எண்டு அங்கை ஆரிட்டையும் கேட்டுச் சொல்லு என்று அவள் எனக்கு எழுதியிருந்தாள். அதற்குச் சிரித்துப் பதில் எழுதினேன். அதன்பிறகு தெரிய வந்த இந்தத் தண்ணீர் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அப்பாவைத் தாகத்தோடு அனுப்பியவள் நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவளுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று வெட்கத்துக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

7

இப்போது கடிதத்தின் மிச்சம்.

"நீ லோஞ்சு பாக்கப் போனாப் பிறகு அப்பா என்ரை கையைப் பிடிச்சவர். எனக்கு ஏலாமப் போச்சு அக்கா. குடுத்துப்போட்டன். ஒரு கோப்பை முழுக்கக் குடிச்சவர். அதாலைதான் லோஞ்சு வந்து சேரேல்லை. ஒருசந்தி முறிஞ்ச வாய்க்குள்ளை ஆண்டவர் வரமாட்டன் எண்டிட்டார். அப்பா நன்மை வாங்காமப் போனது என்னாலை. சட்டம் இப்ப மாறினாலும் அண்டைக்கு அது பாவம்தானே. பாவசங்கீர்த்தனத்திலை சொல்ல எத்தினை தரம் வெளிக்கிட்டனான். சொன்னால் நீ சொல்லித் திரிஞ்ச கதை பொய்யாப் போகும். ஊர் வாய்க்குப் பயந்து நன்மையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறன். ஒவ்வொரு முறையும் பாவத்துக்கு மேலை பாவம். இதோடை நான் எப்பிடி அக்கா ஆசுப்பத்திரிக்குப் போறது?"

முதலில் எனக்கு வந்தது கோபம். முப்பத்தொரு வருடம் என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாளே என்று. அடுத்து, அப்பா குடித்தார் என்ற ஒன்று மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு கோப்பை முழுக்க. குசினிக் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடிய மற்றது தெரிந்தது. நான் பரப்பிய கதை அவளுடைய வாயை அடைத்திருக்கிறது. நான் மறைத்த செய்தி அவளைப் பதினாறு வருடம் கூடுதலாகப் பயத்தில் வைத்திருக்கிறது. அப்பாவுக்குச் செய்தது அறியாமல். இவளுக்குச் செய்தது அறிந்து.

ஷீலா அன்று வீட்டில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. என்ன நடந்தது என்று கேட்டு என் முன்னால் இருந்தாள். கடிதத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, அதை விளங்கப்படுத்த அந்த நாளைச் சொல்லி, ஆசுப்பத்திரியைச் சொல்லி, எல்லாம் சொல்லி முடித்தேன். ஆயுளில் நான் செய்த முழுமையான பாவசங்கீர்த்தனம் அதுதான்; கேட்டவள் கோயிலை விட்ட மகள். அவள் மூன்று மந்திரம் சொல்லச் சொல்லவில்லை. சித்தியின் ஒப்பரேசன் எப்போது என்று கேட்டாள். கடிதத்தில் பிலோ எழுதியிருந்த திகதியை வைத்து நாட்களை எண்ணிப் பார்த்தோம். கடிதம் வந்து சேரவே பத்து நாள் எடுத்திருந்தது. ஒப்பரேசன் நாளை மறுநாள்.

"அப்ப கடிதம் எழுதாதீங்கோ அம்மா. கோல் எடுங்கோ," என்றாள், தமிழில்.

பிலோவின் வீட்டுக்குப் பக்கத்தில் கிண்ணியாக்காரர் ஒருவரின் இரும்புக்கடை. அங்கே தொலைபேசி உண்டு. அவசரத்துக்கு என்று அவள் எப்போதோ இலக்கம் அனுப்பியிருந்தாள். ஷீலா தொலைபேசி நிலையத்தைக் கூப்பிட்டாள். ஊரின் பெயரை எழுத்தெழுத்தாக மூன்று பேருக்குச் சொன்னாள். உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு என்றார்கள். காத்திருங்கள் என்றார்கள். லண்டன் கொழும்பைக் கூப்பிட, கொழும்பு திருகோணமலையைக் கூப்பிட, கடைக்காரர் ஆளனுப்பிப் பிலோவைக் கூட்டிவர, காலையில் பதிந்த அழைப்பு பின்னேரம்தான் வந்தது. மூன்று நிமிடம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு விலகியது.

"அக்கா?" ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"பிலோ, கேள். சாகிறவைக்கு ஒருசந்தி இல்லை. இப்ப மட்டுமில்லை, அண்டைக்கும் இல்லை. நீ குடுத்ததுதான் சரி. நான்தான் பிழை."

என் குரலே எனக்குத் திரும்பி வந்து கேட்டது. பிறகு அவள்.

"ஆர் சொன்னது?"

"இஞ்சத்தைச் சுவாமி."

"எப்ப?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். போன கிழமை என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரியவா போகிறது. "பதினாறு வருசத்துக்கு முதல்," என்றேன்.

மன்னிச்சுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கதைத்தாள். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போய் இருந்தது.

"அக்கா, கடிதத்திலை எழுதாத ஒண்டு கிடக்கு. அப்பாவுக்கு அண்டைக்குக் கண் சரியாத் தெரியேல்லை. குடிச்சுப்போட்டு என்ரை தலையிலை கை வைச்சவர். எமிலி, நீ நல்லாயிருப்பாய் பிள்ளை எண்டவர். நான் பிலோ எண்டு சொல்லேல்லை. அவ்வளவு நேரமும் உன்னட்டைத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தவர். நீதான் தந்தனி எண்டு நினைச்சுக்கொண்டு போகட்டும் எண்டு விட்டிட்டன்."

மூன்று நிமிடம் முடிந்தது.

8

பிலோ இப்போது வீட்டில் இருக்கிறாள். கட்டி கெட்ட கட்டி இல்லையாம். கஞ்சி குடிக்கிறாள். வயிறு நோகிறது, தையல் இழுக்கிறது, பதினாறு வருசம் பொத்தி வைச்சிருந்தனியே நீயும் ஒரு அக்காவே என்று இரண்டு பக்கத்துக்கு ஏசி எழுதியிருக்கிறாள். அந்த ஏச்சு எனக்கு வேண்டியிருந்தது. ஆசுப்பத்திரிக்குப் போன அன்று காலை சுவாமி கொண்டுவந்த நன்மையை, பயமில்லாமல் வாங்கினேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

அப்பாவின் குரல் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. குழாயைத் திறந்தால் இப்போதும் கேட்கிறார். அத்தோடு, நான் அறியாத அந்தக் கையும் சேர்ந்து வருகிறது. எனக்கென்று நினைத்து வைத்த கை, பிலோவின் தலையில். நான் கொடுக்காத தண்ணீருக்கு நன்றி சொல்லி, என் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. உரியவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றால், அவளே எனக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறாள். அந்த ஆசீர்வாதத்தில்தான் முப்பத்தொரு வருடம் கடல் தாண்டி வந்து, பிள்ளை பெற்று, உயிரோடு இருந்திருக்கிறேன்.

தொலைபேசியில் கதைத்த கிழமையின் ஞாயிறு பூசைக்குப் போனேன். எல்லோரும் எழுந்து வரிசையாகப் போகத் தொடங்கியபோது நானும் எழுந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் கோட்டு முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்த நேரத்துக்கென்று நான் பாடமாக்கி வைத்திருந்த செபங்கள் எத்தனையோ. ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா, அது நான் இல்லை என்று மட்டும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தேன்.